சுகிர்தாவின் பதினோரு விநாடி

ஒரே ஒரு பக்கத்தைப் படிக்காமல் விட்டதால் நாற்பத்தாறு பேருடைய பேச்சைக் கெடுத்தவன் நான். எழுத்தறியாதவன் இல்லை. கணினி அறிவியலில் பட்டம் வாங்கியவன். கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 'லோகு எலெக்ட்ரானிக்ஸ்' என்று கடை போட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மென்பொருளோடும் 'முதலில் இதைப் படிக்கவும்' என்று ஒரு கோப்பு வரும். அதை நாங்கள் யாரும் திறக்க மாட்டோம். திறந்தால் தொழில் தெரியாதவன் என்று அர்த்தம்.

சென்னியப்பண்ணன் கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவர் வாழைத்தார் ஏலம் விடுகிறவர். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு அறுநூறு தார், மைக் இல்லாமல் கூவுவார். அப்படிப்பட்ட தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் அதற்குக் குரல்பட்டை இருக்கிறது. கழுத்தில் கட்டிக்கொண்டு பேசுவதுபோல் வாயசைத்தால் போதும். தொண்டைத் தசையில் ஓடும் துளி மின்சாரத்தைப் படித்து, பட்டை அதைக் குரலாக்கிவிடும். பழைய ஒலிப்பதிவு ஏதாவது கொடுத்தால் அவரவர் சொந்தக் குரலிலேயே பேசும்.

முதலில் அவர் கட்டியிருந்தது ஒரு கம்பெனிப் பட்டை. மாத வாடகை. கட்டத் தவறினால் ஒன்றாம் தேதி காலையில் பேச்சு நின்றுவிடும். மூத்த மகளின் நிச்சயதார்த்தத்தன்று அப்படித்தான் நின்றது. வந்த சம்பந்திகளை "வாங்க" என்று சொல்ல முடியாமல் வாசலில் கைகூப்பியபடியே நின்றாராம். அதன் பிறகுதான் நான் கம்பெனி மென்பொருளைத் துடைத்துவிட்டு, அதே பட்டையில் 'மிடறு' ஏற்றிக் கொடுத்தேன். அது தூத்துக்குடியில் சுகிர்தா என்ற ஒரு பெண் தனியாளாக எழுதியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

"லோகு, இந்தப் பொம்பளைய அவ ஊட்டுக்கு அனுப்பிப்போடு சாமி. என்ற பொழப்புல மண்ணப் போடறா" என்றார் அண்ணன்.

"யாருங்கண்ணா?"

"சுகிர்தா."

விஷயம் இதுதான். நாளுக்கு நான்கு முறை, எந்த நேரம் என்று சொல்ல முடியாது, பட்டை தானாகப் பேசும். அதுவும் அவருடைய குரலிலேயே. 'இந்தக் குரல் மிடறு என்ற மென்பொருள். எழுதியவள் சுகிர்தா, தூத்துக்குடி. உங்களுக்குப் பயன்பட்டால் தொள்ளாயிரம் ரூபாய் அனுப்புங்கள். முடியாவிட்டாலும் குரல் நிற்காது. நலமாக இருங்கள்.' மொத்தம் பதினோரு விநாடி. வேறெங்கே வந்தாலும் தொந்தரவில்லை. ஏலக்களத்தில் ஒரு சட்டம் உண்டு. 'ரெண்டு தரம்' சொன்ன பிறகு 'மூணு தரம்' சொல்வதற்குள் ஏலக்காரர் வாயில் வேறு பேச்சு வந்தால், அந்தத் தாரை முதலிலிருந்து ஏலம் விட வேண்டும். ஒரு ஆளுக்காக வளைக்கிறார் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம். முந்தின நாள் வெள்ளிக்கிழமை, நல்ல விலைக்கு வந்த நேந்திரன் தார் ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லி வாயை மூடினார். சுகிர்தா வந்துவிட்டாள். மறு ஏலத்தில் தொண்ணூறு ரூபாய் இறங்கிவிட்டதாம்.

"தொள்ளாயிரந்தான? நான் அனுப்பிச்சுப்போடறேன். அனுப்பிச்சா நிறுத்திக்குவாளாமா."

"எதுக்குங்கண்ணா தண்டம்? இது ஷேர்வேருங்க."

"அப்படீன்னா?"

"ஆரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், ஆருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். புடிச்சிருந்தாக் காசு. குடுக்காட்டியும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. கேக்கறதோட செரி. கட்டாயமே இல்லீங்க."

"கட்டாயமில்லாத காசத்தான தம்பி மொதல்ல குடுக்கோணும்?"

நான் சிரித்தேன். அறுபது வயது மனிதர் வெகுளித்தனமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். நாற்பது நிமிடத்தில் அந்த அறிவிப்பைக் கண்டுபிடித்து வெட்டி எறிந்தேன். பூட்டு மாதிரி ஒன்று இருந்தது, காசு அனுப்பினால் அவள் தரும் சாவிக்குத் திறப்பது. அதையும் உடைத்தேன். அண்ணனிடம் நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன். எழுதியவளுக்குப் போகும் காசைத் தண்டம் என்று சொன்ன அதே வாய், தன் கூலியைக் கேட்கக் கூசவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஈரோட்டில் குரலிழந்தோர் சங்கம் என்று ஒன்று மாதா மாதம் கூடும். அங்கே போய், அறிவிப்பு இல்லாத 'மிடறு' என்று அத்தனை பேருக்கும் ஏற்றிக் கொடுத்தேன். இலவசமாகத்தான். கைதட்டி எனக்குத் துண்டு போர்த்தினார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியவானாக, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் அந்தத் துண்டோடு வீடு வந்து சேர்ந்தேன்.

ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஏழாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, செவ்வாழைத் தார் ஒன்று அறுநூற்று இருபதில் நின்றது. அண்ணன் வாயை மூடிக்கொண்டு வியாபாரிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை பேசியது.

"இதுக்கு நானூறே சாஸ்தி. காம்பு அழுகிக் கெடக்குது."

தாருக்குச் சொந்தக்காரரான விவசாயி எழுந்து, "ஏனுங்க, எங்க சரக்க நீங்களே மட்டந்தட்டறீங்களா?" என்று கத்தினார். அண்ணன் பதறிக் கையை ஆட்டினார். பட்டை நிற்கவில்லை. அந்த அறுநூற்று இருபதுக்குக் கேட்டிருந்த வியாபாரியைப் பற்றி, "இவன் செக்கு போன மாசமும் திரும்பித்தான வந்துது" என்றது. அதுவும் உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் அடிதடி வரை போனது. வாழை ஏலச் சங்கத்துச் செயலாளர் வந்து, பத்து நாளைக்குள் தொண்டையைச் சரி செய்துகொண்டு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

அவர் மனதுக்குள் நினைப்பதெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது.

அன்று மாலைக்குள் எனக்குப் பன்னிரண்டு போன். பவானியில் தெய்வானையம்மா, மகன் வீட்டு விருந்தில் சம்பந்தியம்மாளின் குழம்பைப் பற்றித் தனக்குள் நினைத்ததைப் பந்தியிலேயே சொல்லிவிட்டார். அந்தியூர்க்காரர் ஒருவர் பட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இனி பேச்சே வேண்டாம் என்று எழுதிக் காட்டியதாக அவர் மனைவி அழுதார். குழம்புக் கதையைக் கேட்டுச் சிரித்த நான் இந்தப் போனுக்குப் பிறகு சிரிக்கவில்லை.

பிறகுதான் அந்தக் கோப்பைத் திறந்தேன். 'முதலில் இதைப் படிக்கவும்.' ஒரே பக்கம். நடுவில் இப்படி இருந்தது: 'அறிவிப்பு உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் தயவுசெய்து நீக்க வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள். அறிவிப்பு ஓடும் நேரத்தில்தான் பட்டை உங்கள் தொண்டையை அளக்கிறது.' கீழே போன் நம்பர்.

கூப்பிட்டேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்ற குரல் நாற்பது வயதுக்காரியின் குரலாக இருந்தது. பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது. அங்கே கணினி டீச்சராம். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"எத்தன பேருக்குப் போட்டுக் குடுத்திய?"

"நாப்பத்தாறுங்க."

அவர் திட்டவில்லை, பொறுமையாக விளக்கினார். "தராசு வச்சிருக்கவங்க, தட்டுல ஒண்ணும் இல்லாதப்போ முள்ளு நேரா நிக்குதான்னு பாப்பாங்கல்லா? தொண்டைக்கும் அதேதான். சும்மா இருக்கும்போதும் அதுல கொஞ்சம் கரண்டு ஓடும். தழும்பு ஆற ஆற அது மாறிக்கிட்டே இருக்கும். எது சும்மா, எது பேச்சுன்னு பட்டைக்குத் தெரியணும். ஆனா மனுஷன் எப்ப சும்மா இருப்பான்னு எப்படித் தெரியும்? அவன் குரல்லயே வேற யாரோ பேசுனா வாயப் பொத்திட்டு இருப்பான். அந்தப் பதினோரு விநாடிதான் எனக்குக் கெடச்ச நேரம்."

"காசு கட்டுனவங்களுக்கு?"

"அவங்களுக்கு நானே போன் பண்ணி, எப்ப சும்மா இருப்பியன்னு கேப்பேன். சாமி கும்பிடும்போது, பல்லு வெளக்கும்போதுன்னு சொல்லுவாங்க. அந்த நேரத்துல அளக்கச் சொல்லி சாவி செஞ்சு அனுப்புவேன். நீங்க அத வெறும் பூட்டுன்னு நெனச்சிட்டிய. முள்ளு சாஞ்சு போச்சு. இப்ப அவங்க மனசுக்குள்ள முணுமுணுக்கதும் பட்டைக்குப் பேச்சாத் தெரியுது."

"மன்னிச்சுக்கோங்க. ஒங்க காச எல்லாத்துக்கிட்டயும் வசூல் பண்ணி…"

"காசு கெடக்கட்டும். குடுக்க முடியாதவங்களுக்கும் சேத்துத்தான் எழுதுனேன். பேச்ச நிறுத்தி வசூல் பண்ணுதது எனக்கு ஒப்பாது. ஆனா அந்த அறிவிப்புல என் பேரும் ஊரும் எதுக்கு வச்சிருக்கேன்? பிச்ச கேக்கதுக்கா? ஒரு கஷ்டம்னா எங்கிட்ட வரணும்னுதான அண்ணாச்சி. நீங்க மொத வேலையா அதத்தான் வெட்டி எறிஞ்சிருக்கிய."

அவரே வழியும் சொன்னார். அறிவிப்பைத் திரும்ப ஏற்றி, ஒவ்வொருவரையும் உட்காரவைத்து ஒருமுறை ஓடவிட வேண்டும். பட்டை அளந்து தரும், எண்கள் மட்டும் உள்ள சின்னக் கோப்பை அனுப்பினால் நாற்பத்தாறு சாவியும் செய்து தருகிறேன் என்றார். செய்முறையை எழுதி அனுப்புவதாகவும் சொன்னார்.

முதலில் சென்னியப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்றபடியே, இது என் வேலைதான், படிக்காமல் கைவைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் சேரை இழுத்துப் போட்டு, வாயசைத்துச் சொன்னார்: "பரவால்லீங்க தம்பி. தெரியாமப் பண்றதுதான. உக்காருங்க, காப்பி சாப்பிடுங்க."

வாயை மூடிய பிறகு பட்டை தொடர்ந்தது: "களவாணிப்பய. அன்னைக்கே காச அனுப்பறேன்னு சொன்னனே. தண்டம்னான். இவனெல்லாம் படிச்சவன்."

அவருடைய மனைவி உள்ளே ஓடிவிட்டார். அண்ணன் இரண்டு கைகளாலும் பட்டையைப் பொத்திக்கொண்டார். "அது… அது நானில்லீங்க" என்றார்.

"நீங்கதானுங்கண்ணா. சொன்னது அத்தனையும் நெசந்தானுங்க" என்றேன். சொன்ன பிறகு மனசு கொஞ்சம் லேசானது. காப்பியும் குடித்தேன்.

அறிவிப்பை ஓடவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'நலமாக இருங்கள்' என்று அவருடைய குரலே சொல்லி முடித்தது. அறிவிப்பின்போது பட்டை வேறு எதையும் பேசாது என்பதால் அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்று எனக்குக் கேட்கவில்லை.

பிறகு பைக்கில் ஆறு நாள். பவானி, அந்தியூர், பெருந்துறை, சத்தி. போன இடத்திலெல்லாம் அதே வாக்குமூலம். சிலர் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எழுதித் திட்டினார்கள், அது நாகரிகம். அந்தியூர்க்காரரைப் பெட்டியைத் திறக்கவைக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. எல்லோரும் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். சிலர் தொள்ளாயிரம், சிலர் நூறு. தெய்வானையம்மா பென்ஷன் வந்த கவரை அப்படியே நீட்டினார். தொள்ளாயிரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அவரோடு சண்டை போட வேண்டியிருந்தது. நான் துண்டு போர்த்திக்கொண்ட சங்கத்திலும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை.

கோப்புகளை அனுப்பிவைத்தேன். எட்டாம் நாள் நாற்பத்தாறு சாவியும் வந்தது. ஒவ்வொன்றிலும் ஆளின் பெயரை எழுதியிருந்தார். ஒன்றிலும் தவறில்லை. அண்ணனுக்கு ஏற்றியவுடன் அவர் என்னையே உற்றுப் பார்த்தபடி ஐந்து நிமிடம் வாய் மூடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பற்றி என்னென்ன நினைத்தாரோ, பட்டை மூச்சு விடவில்லை. பிறகு பெரிதாகச் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்தாம் நாள் காலை களத்தில் ஏறி, முதல் தாருக்கு அவர் போட்ட சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது.

அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் சுகிர்தா கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நான் அனுப்புன செய்முறையப் படிச்சியளா?"

"இல்லீங்க. போன்லதான் சொன்னீங்களேன்னு…"

"அதான பாத்தேன். நான் கேட்டது எண்ணு மட்டும் இருக்க சின்னக் கோப்பு. நீங்க அனுப்புனது தொண்டையோட முழுப் பதிவு. வழக்கமா பட்டை அத அளந்துட்டு அழிச்சிரும். ஆறு வருஷத்துல நான் ஒண்ணக்கூடப் பாத்ததில்ல."

"திரும்பவும் கெடுத்துப்போட்டனுங்களா?"

"கேளுங்க. பதினோரு விநாடியும் தொண்ட சும்மா இருக்கும்னுதான் நெனச்சிருந்தேன். கடைசியில மட்டும் எல்லாருக்கும் ஒரு சின்னத் துடிப்பு வரும். சாவி கேட்டு எண்ணு அனுப்புன அத்தன பேருக்கும். மெஷின் இரைச்சல்னு கழிச்சிருவேன். இந்தத் தடவ முழுசா இருந்திச்சா, என்னதான்னு பாப்போம்னு குரலாக்கிப் போட்டுக் கேட்டேன்." அவர் நிறுத்தினார். "கேட்டது தப்பு. மூணாவது பதிவுலயே தெரிஞ்சுபோச்சு, இது இரைச்சல் இல்லன்னு. அதோட நிறுத்தியிருக்கணும். முடியல அண்ணாச்சி."

"என்னங்க இருந்துது?"

"எனக்குப் பதில் சொல்லுதாங்க. 'நலமாக இருங்கள்'னு முடியுதுல்லா, அதுக்கு. மனசுக்குள்ளயே. ஒரு அம்மா 'நீயும் நல்லா இரு தாயி'ங்காங்க. ஒருத்தர் 'சம்பளம் வரட்டும், அனுப்புதேன்'ங்காரு. நாலு பேரு ஏசுதாங்க, அதுவும் ஞாயந்தான். அந்தியூர்க்காரர் எம்பேர மட்டும் சொல்லிப் பாக்காரு. மிச்சம் பூராவும்…" மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆறு வருஷமா நாளுக்கு நாலு தடவ எத்தன பேரு எனக்கு நன்றி சொல்லியிருக்காங்க. நான் அத சைபர்னு கழிச்சுக்கிட்டே இருந்திருக்கேன். ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலியேன்னு எத்தன நாளு வெசனப்பட்டிருக்கேன் தெரியுமா?"

ஒரு பக்கத்தைப் படிக்காததால் கெடுத்தேன், இன்னொரு பக்கத்தைப் படிக்காததால் இது நடந்திருக்கிறது. இதற்காக இனிமேலும் படிக்காமல் இருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இப்போதெல்லாம் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடுவதில்லை.

"எங்க சென்னியப்பண்ணன் என்னங்க சொன்னாரு?"

"'நல்லா இரு அம்மணி. லோகுப் பயல நம்பிக் கெட்டேன்.'" அழுகையோடு சிரித்தார். "அவங்க எல்லார்ட்டயும் கேட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னா அந்தப் பதிவ அழிச்சிருதேன். வச்சுக்கச் சொன்னா வச்சுக்குதேன்."

ஏலம் முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். கடைசித் தாருக்கு மூன்று தரம் சொல்லி அண்ணன் கீழே இறங்கினார். நான் சுகிர்தாவைக் கூப்பிட்டு லைனில் இருக்கச் சொல்லிவிட்டுப் போய் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "தொண்டைக்குள்ள சொன்னதக்கூடமா கேப்பாங்க?" என்றார். "லைன்ல இருக்காங்கண்ணா, நீங்களே பேசுங்க" என்று போனை நீட்டினேன்.

வாழைக்கறை படிந்த கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கிக் காதில் வைத்தார். அறுநூறு தாருக்குக் கூவிய மனிதருக்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். புதுச் சாவி போட்ட பட்டை தன் வேலையைச் சரியாகச் செய்தது. அது எதையும் வெளியே விடவில்லை. அவருடைய தொண்டை மட்டும் ஏறி இறங்குவதைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.

போனிலிருந்து சுகிர்தாவின் குரல் எனக்கும் கேட்டது.

"கேட்டுது அண்ணாச்சி" என்றார். "எனக்குக் கேட்டுது."